சிவப்புக் கல்லுக்கு அடியில்

ஜோகூருக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அங்கே தர்ஷினி என்ற பெண்ணுக்கு நாட்டிய அரங்கேற்றம். அவளுக்காக நான் செய்த தலைச் சாமானை அவள் தலையில் பொருத்திப் பார்த்து, சனிக்கிழமை மாலை முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு, கிடைத்ததைச் சாப்பிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் திட்டம்.

நாகர்கோவிலில் ஒரு சின்னப் பட்டறையில் நாட்டிய நகைகளுக்குக் கல் பதிப்பது என் வேலை. நாள் முழுக்கக் குனிந்தே இருப்பதால் கழுத்துவலியும் முன்கோபமும் எனக்குச் சேர்ந்தே வளர்ந்துவிட்டன. தலைச் சாமான் என்றால் நெற்றிச்சுட்டி, வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், பின்னால் ஜடை தொடங்கும் இடத்தில் ராக்கொடி. எல்லாவற்றிலும் சிவப்புக் கெம்புக் கல்தான் பிரதானம். இடையிடையே பச்சை, ஓரத்தில் வெள்ளை. வேறு நிறம் கேட்டால் செய்து தரமாட்டேன். மூன்று நிறத்தைத் தாண்டினால் அது நகை இல்லை, மிட்டாய்க்கடை என்பது என் கட்சி.

புதன்கிழமை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்த மலாய்ப் பெண் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வரி போடுவார் என்றே எதிர்பார்த்தேன். அவர் சூரியனைக் கையில் எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்து, "சாந்திக்" என்றார். அழகாக இருக்கிறதாம், பின்னால் நின்றவர் மொழிபெயர்த்தார். அதிகாரி என்னை விட்டுவிட்டார். பாராட்டை வாங்கிக்கொண்டு நடந்தபோது இந்தப் பயணத்தின் கஷ்டம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

என்னை அழைக்க வந்தவர் தர்ஷினியின் அப்பா சேகரன். சிங்கப்பூரில் வேலை. தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறவர். எதையும் நேரப்படி, சொன்னபடி செய்ய வேண்டும் என்பவர். பெர்மாஸ் ஜெயாவில் உள்ள வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் போன வருடம் மகளுக்குக் கணுக்கால் முறிந்ததையும், ஆட்டமே வேண்டாம் என்று தாம் சொன்னதையும், மனைவி கேட்கவில்லை என்பதையும் சொல்லிக்கொண்டு வந்தார். மழை பெய்தது. நம் ஊர் மழைபோல் முன்னறிவிப்பெல்லாம் இல்லை. குழாயைத் திறந்த மாதிரி வந்தது, மூடிய மாதிரி நின்றது.

மனைவி பரமேஸ்வரி, பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா?" என்றார். இரவு மீன்குழம்பும் கீரையும், தொட்டுக்கொள்ள வறுத்த நெத்திலிச் சம்பாலும். சம்பாலின் காரத்தில் காது அடைத்தது. சாப்பிட்டதும் தர்ஷினியின் தலையில் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தேன். பதினாறு வயதுப் பெண், கண்ணாடி முன் அப்படியே நின்றுவிட்டாள். டியூப்லைட் வெளிச்சத்திலும் கல் மாதுளை முத்தாகச் சிவந்திருந்தது. சேகரன் பெட்டியை மூடிச் சாமி அறையில் வைத்து, மேடையேறும் வரை இதை யாரும் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். பரமேஸ்வரி தலையாட்டினார்.

வியாழக்கிழமை நான் எழுந்தபோது வீட்டில் யாருமில்லை. ஒன்பது மணிக்குப் பரமேஸ்வரி நெற்றி நிறையக் குங்குமத்தோடு கோயிலிலிருந்து வந்தார். அரங்கேற்றத்துக்காக மூன்று நாள் விடுப்பு. என்னைப் பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி சானாய் வாங்கித் தந்தார். நம் பரோட்டாவின் தங்கைதான், ஆனால் தங்கை கொஞ்சம் மென்மை. தே தாரிக் என்ற பால் தேநீரை இரண்டு கை தூரத்துக்கு இழுத்து ஆற்றினார்கள். எதிரே இரண்டு சீனக் கிழவர்கள் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு தமிழ்க்கடையில் தோசை சாப்பிட்டார்கள். பரமேஸ்வரி அதிகம் பேசவில்லை. சொந்த மகளின் அரங்கேற்றம், பதற்றம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு நாட்டிய டீச்சர் வந்தார். கண்டிப்பான அம்மாள். அறுபதுக்கு மேற்பட்ட மாணவிகள். இந்தச் சாமானைப் பார்த்துவிட்டுத்தான் இனி தம் பள்ளிக்கு யாரிடம் நகை செய்வது என்று முடிவு செய்வதாக முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். அன்று சேகரனும் சீக்கிரம் வந்திருந்தார். அவரே பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார்.

சிவப்பு இல்லை.

கல் இருந்தது. எல்லாக் கல்லும் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனால் நிறம் செத்துப் போயிருந்தது. காய்ந்த ஈரல் மாதிரி, அழுக்குப் பழுப்பாக, ஒளியே இல்லாமல். பச்சையும் வெள்ளையும் ஓரளவு தப்பித்திருந்தன.

டீச்சர் சூரியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார், அவ்வளவுதான். சேகரன்தான் வாயைத் திறந்தார்.

"ஊர்லேருந்து வர்ற சாமான், அசலா இருக்கும்னு நம்பினோம்க்கா. ஒரே நாள்ல சாயம் போயிருச்சி."

இருபது வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. காது மடலெல்லாம் சுட்டது. என் பையிலிருந்து ஊசியை எடுத்து, ராக்கொடியில் ஒரு கல்லை நெம்பி எடுத்தேன். கெம்புக் கல்லின் பாதிச் சிவப்புதான் கல்லுடையது. மீதி, அதற்கு அடியில் நாங்கள் வைக்கும் மெல்லிய வண்ணத் தகட்டுடையது. வெற்றிலைக் காம்பின் தோலைவிட மெல்லியது. வெளிச்சம் கல்லுக்குள் போய், தகட்டில் பட்டுத் திரும்பினால்தான் கல் எரியும். தகடு நனைந்தால் கருத்துவிடும், கல் கூழாங்கல் ஆகிவிடும்.

எடுத்த குழிக்குள் தகடு கருத்துச் சுருண்டிருந்தது. ஓரத்தில் மஞ்சள் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். பால் புளித்த வாடை, சந்தனம்.

அபிஷேகம். புரிந்துவிட்டது. அம்மன் காலடியில் வைத்து, பாலும் மஞ்சள்நீரும் சந்தனமும் மேலேயே ஊற்றியிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தேன். பரமேஸ்வரி சுவரோடு ஒட்டி நின்றார். முகத்தில் ரத்தமில்லை. என் கண்ணைப் பார்த்துவிட்டு உடனே புருஷனைப் பார்த்தார்.

அந்த நிமிடத்தில் கத்தியிருப்பேன், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயில்களில் அபிஷேகம் தொடங்குமுன் கல் நகைகளைக் கழற்றித் தனியாக வைத்துவிடுவார்கள். எல்லாம் முடிந்து ஈரம் துடைத்த பிறகுதான் திரும்பச் சாத்துவார்கள். குழந்தைக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே நான் இவர்களிடம் நனைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நினைவுக்கு வந்ததும் என் கோபத்தில் பாதி என் பக்கமே திரும்பிவிட்டது.

"ஈரம் பட்டிருக்கு. கல்லு நல்ல கல்லுதான். தகட்டை மாத்தினா சரியாயிரும்," என்றேன். எப்படி ஈரம் பட்டது என்று சொல்லவில்லை. இந்த ஊர் ஈரக்காற்றுதான் காரணம் என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் எழுந்து, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வரை பார்ப்பதாகவும், இல்லையென்றால் பள்ளியின் பழைய செட்டைத் தருவதாகவும் சொல்லிப் போனார். பழைய செட்டை டீச்சர் முன்பு அனுப்பிய போட்டோவில் பார்த்திருக்கிறேன். அச்சில் வார்த்த தகரம். அது ஏறினால் நான் அந்த ஊருக்குள் மறுபடி தலைகாட்ட முடியாது.

ஊரில் இருந்தால் தகடு கைநீட்டினால் கிடைக்கும். நான் பழுது பார்க்க வரவில்லையே, கொண்டுவரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பரமேஸ்வரியோடு ஜோகூர் பாருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். நகைக்கடைகளில் தங்கம்தான் உண்டு, தகடு என்றால் விழித்தார்கள். கைவினைப் பொருள் கடையில் கிடைத்தது அட்டை மாதிரி தடிமன். முன்னோருக்கு எரிக்கும் தாள் விற்கும் சீனக் கடையில் தங்க நிறத் தாள் இருந்தது. கடைக்காரர் எங்கள் வேகத்தைப் பார்த்து யார் வீட்டில் சாவு என்று மலாயில் விசாரித்தார். வாங்கி, ராக்கொடியிலிருந்து எடுத்து வந்திருந்த கல்லுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கல் ஆரஞ்சு மிட்டாய் ஆனது. பத்தரை மணி ஆகிவிட்டது.

அப்போதுதான் பரமேஸ்வரி மெல்ல ஒரு யோசனை சொன்னார். சிம்பாங் ரெங்கத்தில் லெச்சுமி என்று ஒரு பெண், தைப்பூசத்துக்குக் காவடி ஜோடிப்பவள், தன் தம்பி எடுத்த காவடியும் அவள் செய்ததுதான், அவளிடம் எல்லா நிறத்திலும் ஜிகினாத் தகடு இருக்கும் என்றார். காவடி ஜிகினாவா என் கெம்புக்கு? என் முகம் போன போக்கை அவர் கவனித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு வேறு வழியில்லை.

அவரே காரை ஓட்டினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள், வரிசை வரிசையாக, முடிவே இல்லாமல். முக்கால் வழியில் ஒரு டிரெய்லர் கவிழ்ந்து சாலை அடைத்துக்கொண்டது. வண்டிகள் அசையவில்லை. மழை பிடித்தது. துடைப்பான் போய்ப் போய் வந்தது. இருவரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க ஏன் அவர்கிட்ட சொல்லலக்கா?" என்றார் திடீரென்று.

"சொன்னா சிவப்பு திரும்பிருமா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மகளுக்குக் கால் முறிந்த அன்று ஆஸ்பத்திரியில் வைத்தே அம்மனுக்கு வேண்டிக்கொண்டாராம். மறுபடி ஆடினால், தலைக்குப் போடும் நகை முதலில் உனக்கு, அப்புறம்தான் அவளுக்கு என்று. சேகரன் விடியுமுன் கிளம்பிய பிறகு பெட்டியை எடுத்துப் போயிருக்கிறார். குருக்கள் தட்டில் வைத்து அபிஷேகத்தோடு சேர்த்து நடத்திவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து துண்டால் துடைத்துப் பெட்டியை மூடியிருக்கிறார்.

"அவருக்குத் தெரிஞ்சா, இனி புள்ளய ஆட விடமாட்டாரு. எல்லாத்துலயும் நான் அவசரப்பட்டுக் கெடுத்துருவேன்னு ஏற்கெனவே சொல்வாரு. சாமிக்கு வச்சது தப்பாக்கா?"

"வச்சது தப்பில்ல. நனைச்சதுதான். சொல்லாதது என் தப்பு," என்றேன். அவர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். எனக்கு இரக்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இவர் நல்ல பெயரைக் காப்பாற்ற என் பெயர் அல்லவா நாறுகிறது. இதை அவரிடம் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

லெச்சுமி வீட்டை அடைந்தபோது ஒன்றரை. தோட்டத்தை ஒட்டிய வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை. லெச்சுமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், காலில் ரப்பர் பூட்ஸ், வாயில் ஓயாத பேச்சு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அலமாக்" என்று தலையில் கை வைத்தாள். தகட்டுப் பெட்டி புருஷனின் லாரியில் இருக்கிறதாம். லாரி மூவாருக்கு மேசை நாற்காலி ஏற்றப் போயிருக்கிறது. மூன்று மணிக்கு வரலாம், வராமலும் போகலாம் என்றாள். போன் செய்தால் எடுக்கவில்லை.

காத்திருந்தோம். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலமாக வாங்கி வைத்திருந்தாள், கையைக் கழுவிக்கொண்டு மூவரும் சாப்பிட்டோம். எனக்கு இறங்கவில்லை. பொழுதுபோகாமல் கொட்டகைக்குள் நடந்தேன். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நாலைந்து காவடிகள் நின்றன. மயில் பீலிக்குள் கருநீலம், அதன்மேல் ரோஸ், ரோஸின் மேல் கிளிப்பச்சை, அதற்கும் மேல் எலுமிச்சை மஞ்சள், ஆரஞ்சு, ஊதா. ஒவ்வொன்றும் கையால் வெட்டி ஒட்டியது. நான் ஊரில் உதட்டைச் சுழிக்கும் அத்தனை நிறமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் விழுந்த இடத்தில் ஒரு ஊதா இதழ் எரிந்தது. சண்டை போடும் என்று நினைத்த நிறங்கள் ஒன்றை ஒன்று தூக்கிவிட்டுக்கொண்டிருந்தன. இது மிட்டாய்க்கடை இல்லை என்று எனக்கே தெரிந்தது. ஒத்துக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது.

லாரி வந்தபோது மூன்று ஐம்பது. லெச்சுமி ஓடிப்போய்ப் பெட்டியை இறக்கினாள். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. நிறம் பார்க்கச் சூரிய வெளிச்சம் வேண்டும். டியூப்லைட்டை நம்பி நிறம் தேர்ந்தால் மேடையில் மானம் போகும். வாசற்படியில் உட்கார்ந்து அவளிடமிருந்த நான்கு சிவப்பையும் ஒவ்வொன்றாகக் கல்லுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். முதலாவது செங்கல். இரண்டாவது கருத்துவிட்டது. மூன்றாவது, நான்காவது, ஒன்றும் தேறவில்லை. நாங்கள் வைக்கும் தகடு வேறு சேர்மானம், இது கடைத் தகடு.

லெச்சுமி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சிவப்புக்கு அடியில சிவப்பு வச்சா செத்துரும் லா. எங்க காவடியில சிவப்பு எரியணும்னா அடியில ரோஸ் வைப்போம்" என்றாள்.

ரோஸ் என்றால் சும்மா ரோஸ் இல்லை. கண்ணைக் குத்தும் ராணி ரோஸ். வேறு நாளாக இருந்தால் அந்தத் தாளைத் தொட்டிருக்கமாட்டேன். ஒரு துணுக்கு வெட்டி, கல்லை அதன்மேல் வைத்தேன். வெயிலில் பிடித்தேன்.

கல் எரிந்தது. புதனன்று இருந்ததைவிட ஒரு படி கூடுதலாக. பரமேஸ்வரி என் கையைப் பிடித்தார். நான் லெச்சுமியிடம், இதை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். கற்றுக்கொள்ளவில்லை, நிறைய தாளை வீணாக்கியதில் வந்தது என்றாள். நானும் அப்படித்தான், ஆனால் ரோஸ் பக்கம் போகவே இல்லை.

திரும்பும் வழியில் நெரிசல் இல்லை. அன்று மாலை சமையலறை மேசையில் எல்லாச் சிவப்பையும் கழற்றினேன். சூரியனில் இருபத்து மூன்று, சந்திரனில் பதினேழு, மற்றவை வேறு. ஒவ்வொரு குழியையும் துடைத்து, தர்ஷினியின் தலை உலர்த்தும் கருவியால் ஈரம் போக்கினேன். அவள் எதிரே உட்கார்ந்து கற்களை அளவு வாரியாகத் தட்டில் அடுக்கித் தந்தாள். சேகரன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்பது மட்டும் நின்ற விதத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு குழிக்கும் ஒரு ரோஸ் துணுக்கு, அதன்மேல் கல், ஓரத்தை அழுத்தி மூடல். கல்லைப் பிடித்துக்கொள்ளும் அரக்கைச் சூடாக்கவும் அதே தலை உலர்த்தும் கருவிதான். பத்து மணிக்கு மழை வந்து வெளிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டது. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். அதைவிட நீளமான முக்கால் மணி நேரம் என் வாழ்க்கையில் இல்லை. பரமேஸ்வரி தே வைத்துக் கொடுத்தார், யாரும் குடிக்கவில்லை. ஒன்றே முக்காலுக்குக் கடைசிக் கல்லை அழுத்தினேன்.

டீச்சர் பழைய செட்டைப் பையோடு கொண்டுவந்திருந்தார். என் சூரியனை எடுத்து வாசலுக்குப் போனார். வெயிலில் பிடித்தார். திரும்பி வந்து பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, தர்ஷினியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

மண்டபத்தில் ஆறு மணிக்கு முந்நூறு பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் பரமேஸ்வரியின் தொழிற்சாலைத் தோழிகள், பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். மேடைக்குப் பக்கவாட்டில் நடராஜர், குத்துவிளக்கு, நிறைந்த செம்பில் தீர்த்தம். அதே கோயில் குருக்கள்தான். நான், டீச்சர், சேகரன், பரமேஸ்வரி எல்லோரும் பக்கத்தில் நின்றோம். தர்ஷினி முழு அலங்காரத்தில் தலையைக் குனிந்து நின்றாள். விளக்கொளியில் வகிட்டின் இருபுறமும் சிவப்பு துடித்தது. பார்த்ததும் மூன்று நாளின் பயமும் கழுத்துவலியும் எங்கே போயின என்று தெரியவில்லை. என் கண் நனைந்துவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

குருக்கள் மந்திரம் முடித்து, மாவிலைக் கொத்தைச் செம்பில் முக்கி எடுத்தார். சொட்டச் சொட்ட அதைப் பெண்ணின் தலைக்கு மேல் ஓங்கினார். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

பரமேஸ்வரி இரண்டு கைகளையும் மகளின் தலைக்கு மேலே விரித்துவிட்டார். தீர்த்தம் முழுதும் அந்தக் கைகளின் மேல் விழுந்தது. வளையல் வழியாக முழங்கைக்கு ஓடியது. குருக்கள் திகைத்து நின்றார்.

"தலையில வேணாம் சாமி, கால்ல தெளிங்க. கல்லு நனையக் கூடாது," என்றார் பரமேஸ்வரி. நிறுத்தி, புருஷனைப் பார்த்தார். அடுத்துச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "அன்னிக்கு நான்தான் கொண்டுபோயி நனைச்சேன். அக்கா மேல தப்பில்ல."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சேகரன் மனைவியைப் பார்த்தார், மகளின் தலையைப் பார்த்தார், கடைசியாக என்னை. அவர் கத்துவார், இந்த இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். பரமேஸ்வரி கையை எடுக்கவில்லை. எடுத்தால் சொட்டும்.

சேகரன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மனைவியின் முழங்கையில் தொங்கிய சொட்டை, அது சூரியனின் மேல் விழுவதற்குள், துடைத்தார்.